தட்டைக் கல்

"உருண்டை வேணாம் மாக் யா. தட்டை குடுங்க. சின்னது, ஒரு ஜோடி."

ருஸ்டி இதைச் சொன்னதும் கல்லறையில் நடுகிற மீசான் கல் விற்கும் மாக் யா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன மாசம் உருண்டைதானே வாங்கிட்டுப் போனே? வீட்ல இன்னொரு மவுத்தா? இந்த ஊர்ல பூனை செத்தாக்கூட என் காதுக்கு வந்திடுமே!"

"மவுத்தெல்லாம் இல்ல. மாத்தணும்."

"மாத்துறதா? இதென்ன சட்டையா, அளவு சேரலன்னு திருப்பிக் கொண்டாற? ஆம்பளைக்கு உருண்டை, பொம்பளைக்குத் தட்டை. ஆணா பொண்ணான்னு கேட்டுத்தானே குடுத்தேன்? ஆண்னு நீதானே சொன்னே!"

சொன்னான்தான். அதுதான் வினையாகிப் போனது. சொந்த வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தவனுக்கு இந்தக் கிழவியிடம் மட்டும் பொய் வரவில்லை. ஒரே ஒரு ஆளிடமாவது 'ஆண், என் மகன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. சொன்னான். அவளும் பாலகன் அளவுக்கு இரண்டு உருண்டைக் கல்லைத் தேடி எடுத்து, தலைமாட்டுக்கு ஒன்று கால்மாட்டுக்கு ஒன்று என்று துடைத்துக் கொடுத்தாள்.

அவன் மனைவி சல்வானி வயிற்றில் நாலாவதாக வந்த பிள்ளை அது. மூத்த மூன்றும் பெண். ஸ்கேன் எடுத்த ஒவ்வொரு தடவையும் இந்தப் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்ததில் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. "வெட்கப்படுது, பையன்தான்" என்று சல்வானி சிரிப்பாள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் நிற்காமல் போய், கர்ப்பப்பையையே எடுத்து அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை சற்று நேரம் மூச்சுவிட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டான். அவள் நினைவு தெளியுமுன்பே ருஸ்டி அவனைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தான். மையவாடி காக்கிற பாக் டோலா குளிப்பாட்டினார். அவரும் இமாமும் அவனும்தான் அடக்கத்துக்கு நின்றது. மறுநாள் கண் விழித்த சல்வானி புருஷனிடம் முதலில் கேட்டது அதைத்தான். "பையனா அபாங்?"

இனிமேல் இவளுக்குப் பிள்ளையே கிடையாது. பத்து வருஷமாக வேண்டிய பையன் வந்து, வந்த வழியே போய்விட்டான் என்று இந்த முகத்தைப் பார்த்து எவன் சொல்வான்? "பொண்ணுதான்," என்றான். அவள் அழுதாள். ஆனால் அவன் பயந்த அழுகை இல்லை. "அக்காமாருங்க மாதிரியே" என்று முனகிக்கொண்டே தூங்கிப்போனாள். பொய் மருந்துபோல வேலை செய்தது. உடம்பு தேறட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே இருந்தான். அதற்குள் அவள் பிள்ளைக்கு அஃபியா என்று பேரும் வைத்து, தினமும் யாசீன் ஓத ஆரம்பித்துவிட்டாள். இப்போது பிள்ளைப் பத்தியம் முடிந்துவிட்டது. நாளைக் காலையில் பிள்ளையை அடக்கிய கபுருக்கு வருகிறாள். வேறு எதை மறைத்தாலும் கல்லை எப்படி மறைப்பது? எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் கல்லைப் படிக்கத் தெரியும்.

மாக் யா வேறு எதுவும் கேட்கவில்லை. தட்டைக் கல் இரண்டை எடுத்து அவன் வேனில் வைத்துவிட்டு, "உன் மூஞ்சே சரியில்ல, போ" என்றாள்.

மையவாடியில் பாக் டோலா அப்படி விடுகிற ஆள் இல்லை.

"புத்தி கெட்டுப்போச்சாடா உனக்கு? நான் குளிப்பாட்டுன புள்ளை. ஆண் புள்ளை. அவன் தலைமாட்டுல பொம்பளைக் கல்லை நடுவியா?"

"அவ தாங்க மாட்டா பாக் டோலா."

"ஊர் வாயை என்ன பண்ணுவே? இமாமுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்ப அந்தக் கல்லுக்காரிக்கும் தெரியும். எத்தனை நாளைக்கு?"

"நாளைக்கு ஒரு நாளைக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம் நீ என்னத்தப் பார்ப்பே? அவன் பாலகன். அவனுக்குக் கேள்வி கணக்கு ஒண்ணும் கிடையாது. உனக்கு இருக்கு." அவர் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டார். "நான் அஸர் தொழப் போறேன். கடப்பாரை கொட்டகையில கிடக்கு. என் கண் எதையும் பார்க்கல."

கடப்பாரைக்கு வேலையே இருக்கவில்லை. திரெங்கானு கடற்கரை மணலில் உருண்டைக் கற்கள் வேர் பிடிக்காத மரவள்ளிக் குச்சிபோல இழுத்ததும் வந்துவிட்டன. இவ்வளவு லேசாகவா வரவேண்டும் என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. கொஞ்சம் அடம் பிடித்திருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பான். தட்டைக் கற்களைப் பக்கத்தில் நட்டு, பழைய குழிகளில் மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதிக்க மனசு வராமல் உள்ளங்கையால் தட்டிவிட்டான். "ஹாரித்," என்றான் மெதுவாக. பல வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பேர். "மன்னிச்சிக்கடா."

காலையில் சல்வானி கட்டிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். கையில் பன்னீர்ப் பூ கிண்ணம். மூன்று பெண்களும் பின்னால். தூரத்திலிருந்தே அவள் கண் கல்லைத் தேடியது. அவள் பார்த்தாள். தோள் இறங்கியது. பிறகு வேகமாகவே நடந்து வந்து மணலில் உட்கார்ந்தாள்.

"வழியெல்லாம் நெஞ்சு அடிச்சுக்குச்சு அபாங்," என்றாள். "உங்களை நான் நம்பவே இல்ல. என்னைத் தேத்துறதுக்குப் பொய் சொல்றீங்கன்னுதான் இத்தனை நாளா நினைச்சேன். இப்பத்தான் நிம்மதி."

அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.

"துஆ கேளுங்க. பேரைச் சொல்லிக் கேளுங்க."

"அஃபியா பிந்தி ருஸ்டி," என்றான், மகள் என்றே. சத்தம் நன்றாகவே வந்தது. அதுதான் அவனுக்குத் தாளவில்லை.

சல்வானி ஆமீன் சொல்லி, தட்டைக் கல்லின் மேல் பூவைத் தூவி, பிள்ளையின் கன்னத்தைத் தடவுவதுபோல அதைத் தடவினாள். "நல்லவேளை, பொண்ணா வந்தேடி என் தங்கம். நான்கூட எப்படியோ சமாளிச்சிருப்பேன். பையனாயிருந்து போயிருந்தா, உங்கப்பா தாங்கியிருக்கவே மாட்டாரு."

ருஸ்டி கபுரில் ஊற்றக் கொண்டுவந்த கூஜாவை எடுத்துத் தலைமாட்டிலிருந்து தண்ணீர் ஊற்றினான். பாதித் தண்ணீர் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தது. விழுந்த இடத்தில், நேற்று அவன் தட்டி மூடிய மண் கரகரவென்று உள்ளே இறங்கி, ஒரு சின்ன வட்டக் குழி வாய் திறந்தது.

"அப்பா, இதென்ன ஓட்டை?" என்றாள் கடைசிப் பெண் ஐனி.

சல்வானியும் திரும்பிப் பார்த்தாள்.

"நண்டு," என்றான். "நண்டு வளை."

"உள்ள இருக்கா?"

"இருக்கு."

ஐனி அவன் கையிலிருந்த கூஜாவைப் பிடுங்கிக்கொண்டு குந்தினாள். கடற்கரைப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுபோல் குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டாள். வெளியே வரட்டும் என்று முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.