தலைவரின் உயரம்

கம்பைநல்லூர்க் கட்சிச் செயலாளர் குப்புராஜ், நிமோனியா முற்றி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வென்டிலேட்டரில் போடுவதற்குமுன் டாக்டர் அவர் உயரத்தைக் கேட்டார்.

"தலைவர் ஆறடிங்க! காத்தைத் தாராளமா வுடுங்க," என்றான் தொண்டன் திருமால்.

"உயரத்துக்குத் தக்கபடிதான் காத்து வெப்போம். அதிகமானா நுரையீரலே கிழிஞ்சிருங்க."

மனைவி அம்பிகா திருமாலை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். கல்யாணமான நாள் முதலாய்க் காத்துவந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தாள்.

"அஞ்சடி ரெண்டங்குலம்தாங்க டாக்டர். மிச்சம் செருப்பு பாதி, பேச்சு பாதி."

டாக்டர் பிடித்த டேப்பும் அதையே சொன்னது.

சில நாளில் தேறி, தொண்டையிலிருந்த வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகு, கால்மாட்டுப் பலகையில் எழுதியிருந்த உயரத்தைப் பார்த்துக் குப்புராஜ் கரகரத்தார்: "திருமாலு முன்னாலயாடி சொன்ன?"

"ஆமாங்க."

திட்டுவதற்கு அவருக்கு மூச்சு இருந்தது. அம்பிகா நிம்மதியாகக் கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள்.