ஆறு கம்பி நாற்காலிகள்

வெல்டருக்குக் கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். "என் நாற்காலியில பாதி கம்பி, பாதி காத்து" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, வெயிலில் வைத்துப் பார்த்தால் நாற்காலியா சிலையா என்று யாருக்கும் குழப்பம் வரும்.

அந்த வளைவுக்கு அளவு அவர் மனைவியின் உடம்பு. ஈரக் களிமண்ணில் அவளை உட்காரவைத்து, பதிந்த பள்ளத்தின் மேல் கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்தார். அப்படிச் செய்த ஆறும் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போயின.

மறுநாள் காலை பத்து மணி. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"ஏங்க, என் மடியில யாரோ உக்கார்றாங்க."

"சமைக்கச் சோம்பலா இருந்தா நேராச் சொல்லேன்."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு சின்னக் குழந்தை. காலை ஆட்டிக்கிட்டே இருக்கு."

அவளைக் கிண்டல் செய்யவே கிளினிக்குக்குப் போன் போட்டார். நர்ஸ் எடுத்ததும், "நம்ம நாற்காலியில ஏதாவது குழந்தை காலை ஆட்டிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டார். "ஆமாண்ணே, ஒரு குட்டிப் பொண்ணு உக்காந்திருக்கு. காலை ஆட்டாதேன்னா கேக்கமாட்டேங்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெல்டர் போனை வைத்துவிட்டு அவள் மடியைப் பார்த்தார்.

ஒரே வாரம்தான். கிளினிக்கில் கூட்டம் கூடக்கூட இவளுக்கு மூச்சு வாங்கியது. திங்கட்கிழமை உதடு நீலம் பாரித்துவிட்டது. "ஆறு பேருங்க, ஒரே நேரத்துல. செத்துருவேன் போலிருக்கு." இவள் போய்விட்டால் எனக்கு யார் என்று அந்த வாயாடி மனிதர் வாய்விட்டு அழுதார். அடுத்த நிமிடம் வண்டியை எடுத்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டு, டாக்டர் கத்தக் கத்த ஆறையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வழியில் அவளே போன் செய்தாள். "அப்பாடா! இப்பதாங்க மூச்சு வருது. சீக்கிரம் வாங்க."

பட்டறையில் ஏது இடம்? வழக்கம்போல ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கினார். அப்படி அடங்குவதில்தானே அவருக்கு அத்தனை பெருமை! ஒரே அச்சு, ஆறும் கச்சிதமாக உட்கார்ந்தன. கை கழுவிக்கொண்டு பின்கட்டு வழியாக வீட்டுக்குள் போனார்.

அவள் தலை முழங்காலைத் தொடக் குனிந்து கிடந்தாள்.

"ஐயோ, இப்ப யாரு? அங்கதான் யாருமே இல்லையே!"

"நான்தாங்க." குரல் நசுங்கி வந்தது. "என் மடியில நானே உக்காந்திருக்கேன். என் மேல இன்னொருத்தி. அவளும் நான்தான்..."

பட்டறைக்கு விழுந்தடித்து ஓடி மேல் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். கம்பியும் கம்பியும் கவ்விக்கொண்டு அசையவில்லை. இழுக்க இழுக்க வீட்டுக்குள்ளிருந்து ஆறு பெண்கள் அலறினார்கள். ஆறும் அவள் குரல்தான்.