மூன்றரை நொடி

நான் எழுதிய புரோகிராம்களிலேயே படுமோசமான ஒன்றுக்குத்தான் எனக்கு விருது கிடைத்தது. கேடயம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்தால் உடனே பேச்சை மாற்றிவிடுவேன்.

பதினாறு வருடத்துக்கு முந்தைய கதை. ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் சுரங்கப்பாதையில், ஒரு சுவர் முழுக்க ஏதாவது புதுமையாகச் செய்து தரும்படி நகராட்சி கேட்டது. ஒப்புக்கொண்டவர்கள் இரண்டே பேர், நானும் என் அண்ணியும். அண்ணிக்கு வெல்டிங் பட்டறை, எனக்குக் கம்ப்யூட்டர். பழைய பேருந்துகளின் நெற்றியில் ஊர்ப்பெயர் காட்டுவதற்கு, ஒரு பக்கம் கறுப்பும் மறு பக்கம் மஞ்சளுமாகப் புரளும் சின்ன வில்லைகள் இருக்குமே, அந்தப் பலகைகளை அண்ணி பழைய இரும்புக் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தாள். பத்தாயிரத்துச் சொச்சம் வில்லைகளைச் சட்டத்தில் கோத்துச் சுவரில் ஏற்றினாள். மேலே ஒரு கேமரா. யார் சுவருக்கு முன்னால் வந்து நின்றாலும் சடசடவென்று வில்லைகள் புரண்டு அவர்களுடைய உருவம் மஞ்சளாக எழ வேண்டும். எழவைப்பது என் வேலை.

எழுந்தது. ஆனால் ஆடி அசைந்து எழுந்தது. கையைத் தூக்கினால் சுவர் பாட்டுக்குச் சும்மா இருக்கும். கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நாம் கையை இறக்கிவிட்டு நகர்ந்த பிறகு, சாவகாசமாக அது கையைத் தூக்கும். ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர், அதற்கேற்ற என் புரோகிராம். எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டும் பிடிபடவில்லை.

"ஒரு வாரம் தள்ளிப் போடலாம் அண்ணி. மானம் போகுது."

"யாரோட மானம்? என் சட்டம் நேராத்தானே நிக்குது?"

"படம் லேட்டா வருதே!"

"வரட்டுமே. வராமலா போயிடுது?"

திறப்பு விழாவன்று அதிகாரி சுவருக்கு முன்னால் போய் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. எங்களைத் திரும்பி முறைத்தார். அண்ணி அலட்டிக்கொள்ளாமல், "அப்படியே நாலு எட்டு நடந்து, அந்தத் தூண்கிட்ட போய்த் திரும்பிப் பாருங்க சார்" என்றாள். அவர் போனார், திரும்பினார். சுவரில் மஞ்சள் நிறத்தில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், எங்களை முறைத்தபடி. கூட்டம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"வேணும்னேதான் சார் அப்படி வெச்சோம்" என்று அண்ணி பச்சைப் பொய் சொன்னாள். பிறகு தானே போய் சுவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு, தூண் வரை நடந்து திரும்பினாள். சுவர் பதில் சல்யூட் அடித்தது. மறுநாள் பத்திரிகைகள் 'மறக்காத சுவர்' என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடின. நான் வெட்கத்தில் அந்தப் பாதைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

சுவரை வெறுத்தேனே தவிர, அதைச் செய்த நாட்களை வெறுக்க முடியவில்லை. இப்போதும் எங்காவது சூடான இரும்பு வாசனை வந்தால் போதும், பட்டறை கண் முன்னால் வந்துவிடும். அறுந்துபோன ஷூ லேஸில் மூக்குக்கண்ணாடியைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் அண்ணி. மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, வில்லைகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு படத்தை மாட்டிட்டுப் போகலாமே" என்று எங்களைச் சீண்டும் அண்ணன். எதையும் மூன்று முறை சரிபார்க்கும் எனக்கு அண்ணி வைத்த பெயர் 'நூறு'. தொண்ணூற்றொன்பது வாங்கினால் அழுகிற ஜாதியாம் நான். மூன்று பேரும் அப்படிச் சிரித்திருக்கிறோம். அதற்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் அண்ணனும் அண்ணியும் பிரிந்தார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை, பேச்சு தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். அண்ணன் மனசு கஷ்டப்படுமே என்று நான் அண்ணிக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அடுத்த வாரம் பண்ணலாம் என்று இருந்தேன். பிறகு இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு பண்ணுவது என்று இருந்தேன். அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டபோது, வந்தவளைப் போனில் 'புது அண்ணி' என்று பதிந்தேன். 'அண்ணி' என்று மட்டும் இருந்த பழைய எண்ணை மாற்றக் கை வரவில்லை.

போன மாதம் நகராட்சியிலிருந்து கூப்பிட்டார்கள். சுவருக்குப் புதுக் கம்ப்யூட்டர் போட வேண்டுமாம். பதினாறு வருட அவமானத்தைத் துடைக்க வாய்ப்பு! விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். பழையதைத் துடைத்துக் குப்பைக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். கையைத் தூக்கினால் அதே நொடியில் சுவரும் தூக்கியது.

இரண்டு நாள் கழித்து, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். சாயங்காலக் கூட்டம் நதியாய் ஓடியது. கூடவே மஞ்சள் உருவங்களும் ஓடின. ஒருவர்கூட நிற்கவில்லை.

சுரங்கப்பாதையைப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் இதை ரிப்பேர் பண்ணீங்களாம்மா?"

"ஆமா. எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு."

எனக்கு உச்சி குளிர்ந்தது.

"கண்ணாடிதான் வீட்டுலயே இருக்கே" என்றார் அவர். "முன்னெல்லாம் பிள்ளைங்க இங்க குதிச்சிட்டு அந்தத் தூணுக்கு ஓடும், தான் குதிக்கறதைத் தானே பாக்கறதுக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு அம்மா வருவாங்க. கழுத்துல ஷூ கயித்துல மூக்குக்கண்ணாடி தொங்கும். சுவத்துக்கு சல்யூட் அடிச்சிட்டு, தூண் வரைக்கும் போய்த் திரும்புவாங்க. சுவரு சல்யூட் அடிக்கும். தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. நேத்தும் வந்தாங்க. சல்யூட் அடிச்சாங்க, போய்த் திரும்புனாங்க. சுவரு காலி. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. 'யாரோ சரி பண்ணிட்டாங்க போல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பழைய தாமதத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் அது எவ்வளவு என்று எங்கும் குறிப்பு இல்லை. தெரிந்த ஆள் ஒருத்திதான். போனில் 'அண்ணி'யைத் தேடி அழுத்தினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "சொல்லு நூறு."

நலம் விசாரித்திருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "சுவரு எவ்வளவு லேட்டா வந்துச்சு அண்ணி?" என்று கேட்டுவைத்தேன்.

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடி நின்றது.

"அப்போ நீதான் சரி பண்ணினியா?"

"ஆமா."

"அதானே. வேற யாருக்கு இந்த வேண்டாத வேலை. தனி ஆளுன்னா மூணரை செகண்டு. நாலஞ்சு பேர் நின்னா அஞ்சு வரைக்கும் போகும். ரயில் வந்து கூட்டம் இறங்கினா ஆறு. வாரா வாரம் எண்ணினவ சொல்றேன்."

"அப்படியே மாத்திடறேன்."

"நீ மாத்தினா நான் நம்ப மாட்டேன். நாளைக்கு சாயங்காலம் வந்து எண்ணிப் பாக்கறேன்."

நன்றாக ஓடுகிற ஒன்றை வேண்டுமென்றே நொண்ட வைப்பது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

மறுநாள் வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. கழுத்தில் அதே ஷூ லேஸ், அல்லது அதன் வாரிசு. என்னைப் பார்க்காமல் நேராகச் சுவருக்குப் போய் சல்யூட் அடித்தாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தூணுக்கு நடந்தாள்.

"அவசரப்படுது. இன்னும் துளி."

மாற்றினேன். மறுபடி நடந்தாள். மூன்றாவது தடவை சுவர் சல்யூட் அடித்தபோது தலையாட்டினாள். பெருக்குகிற அம்மா தூரத்திலிருந்து கைதட்டினார்.

"அண்ணி, நான் அப்பவே உங்களுக்கு போன் பண்ணியிருக்கணும்."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"மூணரை செகண்டு லேட்டுன்னு மூக்கால அழுதவ நீ" என்றாள். "ஏழு வருஷம் லேட்டா வந்து நிக்கிறே."

அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் எனக்கு அழுகை பீறிட்டது. "இப்போ நீங்க எனக்கு என்ன முறைன்னே தெரியலை. அண்ணின்னு கூப்பிடலாமா?"

"பின்னே? பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு, கொன்னுடுவேன்."

சுவருக்கு முன்னால் என்னை இழுத்து நிறுத்தி, தோளில் கை போட்டாள். "வா" என்று அப்படியே நடத்திக்கொண்டு போனாள். தூணருகே திரும்பினோம். சடசடவென்று வில்லைகள் புரண்டன. மஞ்சளாக இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றவள் அவள் தோளில் கை போட்டாள். பிறகு இருவரும் நடந்து சுவரை விட்டுப் போய்விட்டார்கள்.

என் தோளில் இருந்த கை போகவில்லை.