சீர்த்தட்டில் இரண்டு பந்து

தாராவியில் ஹபீபாவின் தோல்பைப் பட்டறை இருக்கும் கட்டடம், மாடியில் பில்லியர்ட்ஸ் ஆடும் இருவரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் நிற்கும் பக்கமாகச் சாயும். சுமாரான வித்தியாசத்துக்கு ஒரு விரற்கடை சாயும். கெட்டிக்காரனும் கத்துக்குட்டியும் மோதினால் நாலு விரற்கடை. ஆட்டம் முடிந்ததும் நிமிர்ந்துவிடும். கீழே பட்டறை, நடுவில் தௌஃபீக்கின் பில்லியர்ட்ஸ் கூடம், உச்சியில் ஒரு குடித்தனம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கிற ஒல்லிக் கட்டடம் அது. முதல் வருடம் நூல்கண்டுகள் தாமாக உருண்டு வாசலுக்குப் போனபோது, தரைதான் சரியில்லை என்று ஹபீபா கொத்தனாரை வரவழைத்தாள். அவன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி ஓடியது. தரையில் குறையில்லை, மேலே ஆடுகிறவர்கள்தான் சரிசமமாக இல்லை என்று சொல்லிவிட்டு, இனி உனக்குத்தான் இது தேவைப்படும் என்று கருவியையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

ஹபீபா இருபது வருடமாக மொத்த வியாபாரிகளோடு பேரம் பேசிப் பேசியே பட்டறையை வளர்த்தவள். ரசமட்டத்தைத் தோல் வெட்டும் மேசையில் வைத்த ஒரு வாரத்திலேயே அவளுக்கு விஷயம் பிடிபட்டது. பந்தயம் கட்டி ஆடும்போது பலசாலி மெலிந்தவனுக்குச் சலுகையாக ஒன்றிரண்டு பந்து விட்டுக்கொடுப்பது வழக்கம். அந்தச் சலுகை நியாயமாக இருந்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. மற்றக் கூடங்களில் ஆட்டத்தைவிட இந்தப் பேரம்தான் நீளம். பலசாலி தனக்கு மணிக்கட்டு சுளுக்கு என்பான். மற்றவன் குச்சியைப் பிடித்தே ஒரு வருடமாயிற்று என்று தாயின்மேல் சத்தியம் செய்வான். இங்கே அந்தப் பேச்சே இல்லை. மாடிப்படியிலிருந்து ஒருவன் குனிந்து, "அக்கா, குமிழி எங்க நிக்கி?" என்று கேட்பான். அவள் தையலிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் ஒரு பந்து குடுங்க" என்பாள். செம்பூரிலிருந்தும் நெருளிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். தீர்ப்புக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் என்பது எழுதாத ஒப்பந்தம்.

ஒரே ஒரு ஜோடி மட்டும் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்படவில்லை. உச்சியில் குடியிருந்த இட்லி மாவுக் கடைக்காரர் சுடலைக்கண்ணனும், அவர் மனைவி மாலதியின் அண்ணன் கணேசபாண்டியனும். ஞாயிறுதோறும் காலையில் ஒரே ஓர் ஆட்டம். தோற்றவர் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்க வேண்டும். சுடலைக்கண்ணன் பேசிக்கொண்டே தன் ஏழு பந்தையும் குழிகளில் தள்ளி, கடைசியில் கறுப்பையும் தள்ளிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவர். கணேசபாண்டியன் வெள்ளைப் பந்தையே குழிக்குள் அனுப்பி வைக்கிற ரகம். மாப்பிள்ளை எத்தனை பந்து விட்டுக்கொடுக்க முன்வந்தாலும் மச்சான் வாங்கமாட்டார். எட்டு வருடம் இப்படியே போனதில் கட்டடத்துக்கு நிமிர்வதே மறந்துபோய், திங்களானாலும் வெள்ளியானாலும் சுடலைக்கண்ணன் நிற்கும் மாஹிம் பக்கமாகவே சாய்ந்து நின்றது. மற்றவர்களின் ஆட்டத்துக்கு ஹபீபா அந்தச் சாய்வைக் கழித்தே தீர்ப்புச் சொன்னாள். மாலதி பால் காய்ச்ச அடுப்புக்கு ஒரு பக்கம் அட்டை மடித்து வைத்தாள். கட்டில் மெல்ல மெல்ல ஜன்னலை நோக்கி நகர, வெள்ளிதோறும் கணவனும் மனைவியுமாக அதை இழுத்துப் பழைய இடத்தில் போட்டார்கள்.

சாய்ந்த கட்டடங்களைப் பார்வையிட ஞாயிறு நண்பகல் மாநகராட்சி இன்ஜினியர் வருகிறார், குண்டு நூல் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார், சாய்வு இருந்தால் சீல் வைப்பார் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிய அன்று ஹபீபா தையலை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டாள். பதினொரு மிஷின், ஒன்பது ஆட்கள், ஜூனில் பள்ளி திறக்குமுன் முடிக்க வேண்டிய பைகள். வேறிடம் தேடிப் போனால் அவள் எழுந்திருக்கவே முடியாது. அவள் உச்சிக்கு ஏறிப்போய் மாலதியிடம், உன் அண்ணனுக்கு என்னதான் வீம்பு என்று கேட்டாள். மாலதி அட்டை வைத்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தைய மாதம் அண்ணனின் பெல்ட் பக்கிள் பட்டறை தீப்பிடித்து எரிந்துபோனதாம். கட்டிய சேலையோடுதான் அவள் வந்தாளாம். புகுந்த வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள்தான் அண்ணன் என்ன சீர் செய்தான் என்று தவறாமல் கேட்டார்களாம்.

"ஞாயித்துக்கிழம கறியக் குடுத்துட்டு வாசலோட போயிருதான்க்கா. ஒரு நா ஒக்காந்து தின்னதில்ல."

ஹபீபாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதர் எட்டு வருடமாகப் பில்லியர்ட்ஸ் ஆடவில்லை, வாரம் ஒரு கிலோவாகச் சீர் செலுத்திக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் சலுகையை எப்படி வாங்குவார்? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பேரக்காரி என்பதால் கலக்கம் தெளிவதற்குள் வழியும் தெரிந்துவிட்டது.

ஞாயிறு பத்து மணிக்கு ரசமட்டத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஏறினாள். சுடலைக்கண்ணன் வழக்கம்போல, "ரெண்டு பந்த எடுத்துக்கிடும் மச்சான், அக்கா பொழப்பு கெடக்கு" என்றார். கணேசபாண்டியன் முகம் சிவந்தது. "பொண்ணு குடுத்தவன் மாப்பிளகிட்ட கை நீட்டுவானாவே?"

"நீங்க வாங்கவே வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் ஹபீபா. "குடுங்க. ஒங்க ஏழுல ரெண்ட மாப்பிள்ளைக்குச் சீராக் குடுங்க. அவுக ஒம்போத உள்ள தள்ளட்டும், ஒங்களுக்கு அஞ்சு போதும்."

கணேசபாண்டியன் குச்சியைச் சுவரில் சாய்த்தார். விடுவிடுவென்று இறங்கிப் போய்த் தாம்பாளமும் வெற்றிலையும் ஒரு சீப்புப் பழமும் மஞ்சள் குங்குமமுமாகத் திரும்பி வந்தார். மஞ்சள் பந்தையும் சிவப்புப் பந்தையும் துண்டால் துடைத்துத் தட்டில் வைத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். சீரை வேண்டாம் என்று எந்த மாப்பிள்ளை சொல்லியிருக்கிறான்? சுடலைக்கண்ணன் இரு கையாலும் வாங்கினார். கட்டடம் நெட்டி முறிப்பதுபோல் ஒரு சத்தம் கொடுத்து நிமிரத் தொடங்கியது; குமிழி நடுக்கோட்டுக்கு அரை விரல் தூரத்தில் வந்து நின்றது. யாரும் எதிர்பாராதது அதன் பிறகு நடந்தது. எட்டு வருடமாகக் கொடுக்கமுடியாமல் கிடந்த மனசு திறந்துகொண்டதில் கணேசபாண்டியனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. நீலத்தையும் எடுத்து வைத்தார். கட்டடம் மறுபக்கம், சயான் பக்கமாகச் சாய்ந்தது. பச்சையையும் எடுத்து வைத்தார். கீழே பதினொரு மிஷினும் வாசலை நோக்கி நகரும் சத்தம் கேட்டது.

"பஸ் கரோ அண்ணாச்சி, போதும்!" என்று ஹபீபா அலறினாள். ஒருவனைக் குறைத்துக் கொடு என்று கெஞ்சியது அவள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நீலமும் பச்சையும் திரும்பின; மஞ்சளும் சிவப்பும் மாப்பிள்ளையின் பந்துகளாக மேசையேறின. மிச்சமிருந்த அரை விரலைச் சரிக்கட்ட, குவித்து வைத்த பந்துகளை உடைக்கும் முதல் அடி மச்சானுக்குப் போகவேண்டும். அதையும் அவர் வாங்கமாட்டார் என்பதால், பந்தலில் இலை போட்டுப் பரிமாறுவது பெண் வீட்டார் வேலைதானே, அதுபோல் பந்துகளை உடைத்துப் பரப்பிக் கொடுப்பதும் உங்கள் கடமை என்றாள். கடமை என்றதும் அவர் உடைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. பன்னிரண்டு மணிக்கு வந்த இன்ஜினியர் குண்டு நூலை மூன்று முறை கட்டிப் பார்த்து, வேறு கட்டடத்தின் நோட்டீஸை இங்கே ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று கிழித்துக்கொண்டு போனார்.

அதற்குள் மேசையில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். சுடலைக்கண்ணன் அடித்தது குழி விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டது. கணேசபாண்டியன் தொட்டதும் விழுந்தது. ஜெயித்தவர் செய்யக்கூடாததைச் செய்தவர்போல் விழித்தார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பை எடுத்து, கறி வாங்கி வந்து மனைவியிடம் கொடுத்தார். மச்சான் வாசலோடு நழுவப் பார்த்தபோது மாலதி நிலையில் கையை ஊன்றி மறித்தாள்.

"ஒக்காருண்ணே. சீர் கொண்டாந்தவனச் சாப்பிடச் சொல்லாம அனுப்புனா ஊரு என்னையல்லா ஏசும்."

அவர் உட்கார்ந்தார். மூன்று தடவை சோறு வாங்கினார். ரசத்துக்கு வரும்போது அழுதார், அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த தையில் சுடலைக்கண்ணனின் அத்தை பார்வதியம்மாள் ஊரிலிருந்து வந்தபோது, அண்ணன் என்ன சீர் செய்தான் என்று வழக்கம்போல் கேட்டாள். மாலதி பூஜை அலமாரியிலிருந்து தாம்பாளத்தை எடுத்து முன்னால் வைத்தாள். பார்வதியம்மாள் மஞ்சள் பந்தையும் சிவப்புப் பந்தையும் கையில் ஏந்திப் பார்த்து, நல்ல கனம் என்று சொல்லிக் குத்துவிளக்குப் பக்கத்திலேயே வைத்தாள். உருளவில்லை. ஞாயிறு காலை ஆட்டத்துக்கு அவற்றை இரவல் கேட்டுத் தௌஃபீக் மாடியேறி வருகிறான். சாயங்காலம் விளக்கேற்றுமுன் திருப்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் மாலதி கொடுக்கிறாள்.