பகல் நித்திரை

இரவு பஸ் ஓட்டுகிறவனுக்குப் பகல்தான் இரவு. அதைச் சூரியனுக்கு யார் சொல்வது? மத்தியானம் எங்கள் தகரக் கூரையில் அப்பளம் பொரிக்கலாம்.

என் மனுசன் விஜிதரன் கிளிநொச்சி - கொழும்பு பஸ் சாரதி. போன வியாழன் விடியப்புறம் ஓமந்தைக்குக் கிட்டக் கண்ணயர்ந்து, பஸ் நிறையச் சனத்தோடு வீதியை விட்டு இறங்கிவிட்டார். மதகுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது. முதலாளிக்குத் தெரியாது. எனக்குச் சொன்னார், அன்றிலிருந்து பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இன்றைக்கு அவரை நித்திரையாக்குவதுதான் என் வேலை. சீமெந்துத் தரையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். யன்னலில் ஈரச் சாக்குக் கட்டினேன். பத்தரைக்குக் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. பனையோலை விசிறியால் வீசியதில் என் கை மரத்ததுதான் மிச்சம், மனுசன் புரண்டுகொண்டே கிடந்தார். கடைசியில் வெள்ளை வேட்டியொன்றை நனைத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். மூன்றரைக்குத்தான் குறட்டை கேட்டது. ஐந்து மணிக்கு அவர் வேலைக்கு வெளிக்கிட வேண்டும்.

எழுப்ப மனம் வரவில்லை. முதலாளி செல்வநாயகத்துக்குப் போன் எடுத்து, வீட்டில் ஒரு சாவு, இவர் வரமாட்டார் என்றேன். காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லுவார். சாவுக்கு என்ன சொல்ல முடியும்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் செத்த வீடென்றால் சனம் கேட்டுக்கேள்வியில்லாமல் ஓடிவரும். அதை மறந்துவிட்டேன், விசரி. அரை மணித்தியாலத்தில் முதலாளியும் கண்டக்டர் மதுசனும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வெள்ளை வேட்டிக்குள் விஜிதரன் மல்லாந்து கிடந்தார். குறட்டையும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. மதுசன் சுவரைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழத் தொடங்கினான்.

பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினேன். மனுசன் ஒருபக்கம் திரும்பிப் படுத்து மறுபடி குறட்டை விட்டார். முதலாளியின் முகம் கறுத்தது. யார் செத்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒருத்தரும் சாகேல்லை. வியாழக்கிழமை இவர் பஸ் ஓடேக்கை நித்திரையாப் போனவர்," என்றேன். "இப்ப எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கோ. நாளைக்கு எத்தினை செத்த வீட்டுக்குப் போகவேணும் எண்டு மட்டும் எனக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

அன்றைக்குப் பஸ்ஸில் எத்தனை பேர் என்று முதலாளி மதுசனிடம் கேட்டார். ஐம்பத்திரண்டு என்றான், தலையைத் தூக்காமல்.

முதலாளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படலை வரைக்கும் நடந்தார். அங்கே நின்றுதான் வேறு சாரதிக்குப் போன் எடுத்தார்.