நான் சொல்ல மறுத்த 'மீரவம்'

ஈரானுக்கு நர்சு எடுக்கிறார்கள் என்றதும் தூத்துக்குடியில் நாங்கள் பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தோம். அது 1976. இடம் ஒன்றே ஒன்று. அது எனக்குத்தான் என்று நான் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

ஏஜெண்டு எஸ்றா ஆளுக்கொரு பாரசீகப் பாடப் புத்தகம் தந்தார். பன்னிரண்டு பக்கம், ஒரு மாத அவகாசம்.

"கிளாடிஸ், ஒனக்கு இங்கிலீஷே தடுமாறுது. பாரசீகம் எங்கன வரப்போவுது?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மற்றவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் நேரே தமிழுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'மன் ஆப் மீகோரம்': நான் தண்ணீர் குடிக்கிறேன். அதே வரிசை. வினை நம்மைப்போலவே கடைசியில் வந்து நிற்கிறது. 'மன்' என்பதை விட்டாலும், குடிப்பது நான்தான் என்று வினையே சொல்லிவிடுகிறது. இதற்கா இத்தனை பயமுறுத்தல்? வார்டில் ஊசி போட்டுக்கொண்டே முணுமுணுப்பேன். ஊசிக்குக் கை நீட்டும் உப்பளத்துச் செல்லக்கனி, "நர்சம்மா, என்ன மந்திரம் ஓதுதிய?" என்று கேட்பாள்.

தேர்வன்று, ஆள் எடுக்க வந்த ஈரானிய டாக்டர் என்னைக் கடைசி ஆளாகக் கூப்பிட்டுப் பாரசீகத்தில் பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். தடங்கலில்லாமல் சொன்னேன். கடைசியாகப் பக்கத்திலிருந்த எஸ்றாவைக் காட்டி ஆங்கிலத்தில், "இவர் நோயாளி. உங்கள் டியூட்டி முடிந்தது. 'நான் போகிறேன்' என்று இவரிடம் சொல்லுங்கள்" என்றார்.

புத்தகத்தில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது: 'மன் மீரவம்.' எனக்கு வாய் வரவில்லை. பதினோரு வருட நர்சு வேலையில் எந்தக் கட்டிலின் அருகிலும் நான் 'போறேன்' என்று சொன்னதே இல்லை.

"மீரவம், மீயாயம்" என்றேன். போகிறேன், வருகிறேன்.

டாக்டர் என் பெயரின்மேல் பென்சிலால் கோடு போட்டார். "கெடுத்துட்டியே" என்று எஸ்றா பல்லைக் கடித்தார்.

"நான் கேட்டது போவதைத்தான். வருவதை ஏன் சேர்த்தீர்கள்?" என்றார் டாக்டர்.

ஆனாலும் நான் விடவில்லை.

"மன் ஈன் ரா நெமீகூயம். பீமார் மீதர்சத்."

நான் இதைச் சொல்லமாட்டேன். நோயாளி பயப்படுவார். இந்த இரண்டு வாக்கியமும் எந்தப் பக்கத்திலும் கிடையாது. நானே கட்டியவை.

டாக்டர் ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தார். "பதினெட்டுப் பேரில் நீங்கள் ஒருவர்தான் நோயாளியை நினைத்துப் பேசினீர்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாசல்வரை வந்த எஸ்றா, "அப்போ நீதான் போற" என்றார், இறங்கின குரலில்.

"போறேன் இல்ல அண்ணாச்சி. போயிட்டு வாரேன்" என்றேன்.