இரண்டாம் மாடியில் ஒரு காத்திருக்கும் இடம்

தீ விபத்து பத்தரை மணிக்கு மேல் நடக்கும் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அந்த நேரத்தில் தீப்பிடிப்பது கல்லூரிக்கு நல்லதல்ல என்று தாளாளர் கிருஷ்ணமூர்த்தி கருதினார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருந்தது அவருடைய கல்லூரி. தரச் சான்று கொடுக்கும் குழு வருவதால், மாற்றுத்திறனாளி மாணவர்களை ஆபத்துக் காலத்தில் வெளியேற்றும் ஒத்திகைக்குப் பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் ஏற்பாடாகியிருந்தன. மாற்றுத்திறனாளி மாணவர்கள் என்று பன்மையில் போட்டிருந்தாலும் கல்லூரியில் இருந்தது ஒரே ஒருத்திதான். ஏலாக்குறிச்சியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்து முதுகலைக் கணிதம் படிக்கும் விண்ணரசி.

அவளுடைய வகுப்பு இரண்டாம் மாடியில். லிஃப்ட் நல்ல நாளிலேயே பாதியில் நின்றுவிடும். போன மாதம் அதற்குள் மாட்டிக்கொண்டு ஒரு தேர்வையே கோட்டைவிட்டாள். அவள் அப்பா ஜோசப் முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ மேல மாட்டிக்கிட்டீன்னா படிப்பு போதும் பாப்பா. வூட்டுலயே இரு."

கீழ்த்தளத்தில் வகுப்பு வேண்டும் என்று முதல்வர் அரங்கநாதனிடம் கேட்டாள்.

"கீழ எங்கம்மா ரூம் இருக்கு?"

இருந்தது. வாசலை ஒட்டிய பெரிய அறையில் தாளாளர் வாங்கிய கேடயங்கள் இருந்தன. உடையார்பாளையத்து முந்திரி வியாபாரிகள் கொடுத்தது, எறையூர்க் கரும்பு விவசாயிகள் கொடுத்தது, கல்லூரி ஆண்டு விழாவில் தாளாளர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டது. பாவம், கேடயங்களால் மாடி ஏற முடியாது அல்லவா?

"ஒத்திகை நல்லபடியா முடியட்டும்மா. அப்புறம் ஒன் ரூம் விஷயத்தப் பேசுவோம்" என்றார் முதல்வர். விண்ணரசி அதை நம்பினாள்.

மாடிப்படியில் ஆளை உட்காரவைத்து இறக்குவதற்கென்றே ஒரு நாற்காலி வந்து இறங்கியது. சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டார்கள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்கவில்லை. புதியது என்று குழுவுக்குத் தெரிய வேண்டுமே.

சனிக்கிழமை காலை விண்ணரசி இரண்டாம் மாடியில் தயாராக இருந்தாள். ஒத்திகையில் லிஃப்ட் ஓடக் கூடாது என்று அதை நிறுத்தி ஆயிற்று. முதல்வர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கூடவே புது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கபடி அணித் தலைவன் மணிவண்ணன்.

"நீ ஒக்கார வேணாம்மா. வழியில விழுந்து வச்சன்னா பேப்பர்ல போட்டுருவான். மணிவண்ணன் ஒக்காரட்டும். அவன் விழுந்தாலும் தாங்குவான்."

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

"நீ இங்கயே இரு. அதுக்குத்தான போர்டு வச்சிருக்கோம்?"

சுவரில் புதுப் பலகை பளபளத்தது. 'மாற்றுத்திறனாளிகள் பாதுகாப்பாகக் காத்திருக்கும் இடம். உபயம்: தாளாளர்.'

சங்கு ஊதியது. மணிவண்ணனை வாரால் கட்டினார்கள். பிளாஸ்டிக் வழுக்கியதில் படிக்குப் படி சரிந்தான். சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். பின்னாலேயே மாடி மொத்தமும் காலியானது.

கீழே முதல்வர் மைக்கைப் பிடித்தார். "கல்லூரியில் உள்ள மாற்றுத்திறனாளி ஒருவர். மீட்கப்பட்டவர் ஒருவர். நூற்றுக்கு நூறு வெற்றி!"

தாளாளர் பொன்னாடையோடு நெருங்கினார். பெரியவர் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதையா? மணிவண்ணன் வாரை அவிழ்த்துக்கொண்டு எழுந்து, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மாடிக் கைப்பிடிச் சுவரோரம் இருந்து பார்த்த விண்ணரசி, "எங்க ஊரு அடைக்கல மாதா கோயில்லகூட இவ்ளோ சீக்கிரமா புதுமை நடந்து யாரும் எந்திரிச்சு நின்னதில்லடா சாமி" என்றாள்.

குழுத் தலைவி அந்த மாணவரோடு பேச விரும்பினார். மாணவர் அதற்குள் சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாய் நின்றார்.

"நடந்து போறாரே?"

"அவர் ஒரு பிரதிநிதி மேடம்" என்றார் முதல்வர்.

"யாருக்கு?"

முதல்வர் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் பந்தலைப் பார்த்தார். பதில் மேலேயிருந்து வந்தது.

"எனக்குத்தாங்க மேடம்! தீ அணைஞ்சிருச்சாங்களா?"

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. "பாதுகாப்பான எடத்துலதான் இருக்காங்க மேடம். திட்டப்படி" என்றார் முதல்வர்.

"கீழ கூட்டிட்டு வாங்க" என்றார் தலைவி.

மணிவண்ணன் சோற்றை விட்டுவிட்டு, நாற்காலியும் நண்பர்களுமாக மேலே ஓடினான். விண்ணரசி தன் சக்கரத்தின் பிரேக்கைப் போட்டாள்.

"இரு மணி." அவள் சுவருக்கு மேலாகக் குனிந்தாள். "இப்ப எறக்கிட்டுத் திங்கக்கெழம திரும்ப மேலதான சார் ஏத்துவீங்க? கீழ ரூம் குடுங்க, எறங்குறேன். இல்லன்னா போர்டுல போட்டிருக்கபடி காத்திருக்கேன்."

"எந்த ரூம்?" என்று தலைவி கேட்டார்.

"வாசல ஒட்டி, கேடயம் வச்சிருக்க ரூம் மேடம்!"

தாளாளர் முதல்வரிடமிருந்து மைக்கை வாங்கினார். மைக் கையில் இருக்கும்போது அவர் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. "இதை நானே இன்று அறிவிப்பதாக இருந்தேன்" என்று தொடங்கினார். "கணிதத் துறை கீழ்த்தளத்துக்கு வருகிறது!"

"நல்லது. சாப்பிடறதுக்கு முன்னாடி அந்த ரூமைப் பாத்துடலாம்" என்றார் தலைவி.

அதன் பிறகு நடந்ததுதான் ஒத்திகை. யாரும் சங்கு ஊதவில்லை. பேராசிரியர்கள் வரிசையாக நின்று கேடயங்களைக் கைமாற்றினார்கள். பெரியவற்றை இருவர் தாங்கினார்கள். கண்ணாடி வைத்தவற்றைப் பொன்னாடையில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி தூக்கினார்கள். "பாத்து, பாத்து" என்று தாளாளர் பதறியபடி ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடினார். ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை.

பிளாஸ்டிக்கை விண்ணரசியே கிழித்துப் போட்டாள். நாற்காலியில் அவள் இறங்க, எதிரே கேடயங்கள் ஏறின. அவளுக்கு வழிவிடாத முதல்வர், எறையூர்க் கேடயத்துக்காகச் சுவரோடு ஒட்டி நின்றார்.

திங்கட்கிழமை அவள் கீழ்த்தளத்தில் முதல் வரிசையில் இருந்தாள். கேடயங்கள் இரண்டாம் மாடியில், அந்தப் பலகைக்குக் கீழே, பாதுகாப்பாகக் காத்திருந்தன. படியிறக்கும் நாற்காலியை அவற்றின் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். தீ என்று ஒன்று வந்தால் முதலில் யாரை இறக்க வேண்டும் என்பதில் இப்போது கல்லூரியில் யாருக்கும் குழப்பமில்லை.